மைதாவுக்கு ஒரு காவல்

காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த நவநீதனுக்கு, பக்கத்து வீட்டில் யாரோ தவறிப்போய்விட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. வாசலில் அப்படி ஒரு கூட்டம், அப்படி ஓர் அமைதி. கார்த்திகை மாதத்துப் பனி இன்னும் தெருவை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தப் பனிக்குள் ஏழெட்டு நாய்கள் முன்னங்காலை ஊன்றி உட்கார்ந்து, அவர் வீட்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. குரைப்பு இல்லை, சண்டை இல்லை.

அவர் காலுக்கு நடுவில் தலையை நுழைத்து மைதா எட்டிப் பார்த்தாள். மைதா என்பது அவர் மனைவி சௌந்தர்யா வளர்க்கும் வெள்ளை பொமேரியன். அதை 'அது' என்று சொன்னால் சௌந்தர்யாவுக்குக் கோபம் வரும். எதற்கு வம்பு, நாமும் அவள் என்றே சொல்லிவிடுவோம்.

மைதா எட்டிப் பார்த்ததும் வெளியே ஏழெட்டு வால்களும் ஒரே நேரத்தில் ஆடின. நவநீதன் கதவைச் சாத்திவிட்டு மனைவிக்குப் போன் போட்டார். தங்கை காலை உடைத்துக்கொண்டாள் என்று சௌந்தர்யா குடியாத்தத்துக்குப் போய் நாலு நாளாகிறது.

"வாலை ஒரு பக்கமா ஒதுக்கறாளா?" என்று கேட்டாள் சௌந்தர்யா.

"ஆமா."

"தரையில அங்கங்க ரத்தச் சொட்டு இருக்குதா?"

"இருக்குது. நான் ஏதோ அடிபட்டுடுச்சோன்னு..."

"கண்ணு?"

நவநீதன் குனிந்து பார்த்தார். "எங்கயோ பாக்குதுமா. உக்காந்துகிட்டே கனவு காண்ற மாதிரி."

"போச்சுடா! நான் இல்லாத நேரமாப் பாத்து பருவத்துக்கு வந்திருக்கா. இன்னாங்க, காதைத் தொறந்து கேளுங்க. வேலூர் சத்துவாச்சாரியில பொமேரியன் மாப்ள பாத்து வெச்சிருக்கேன். அடுத்த பருவத்துக்குக் கூட்டிக்கினு வர்றோம்னு வாக்குக் குடுத்தாச்சு. அதுக்குள்ள தெருநாயி ஏதாச்சும் கிட்ட வந்துச்சு... நான் வர்றப்ப அவ இப்ப இருக்கற மாதிரியே இருக்கணும்."

"நான் பாத்துக்கறேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "நீங்க பாத்துக்கறீங்கன்னுதான் பயமே. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்களை நம்பி நான் குடுத்த ஒரு பொருள் ஒழுங்காத் திரும்பி வந்திருக்குதா?"

இதை அநியாயம் என்று நவநீதனால் சொல்ல முடியாது, ஏனென்றால் உண்மை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவர் பெயர் சொன்னால் மரியாதை. லெதர் செலக்‌ஷன் அவர் வேலை. மேஜைமேல் விரிக்கிற தோலைப் பார்த்து இது ஏ கிரேடு, இது பி, இது ரிஜெக்ட் என்று சொல்ல வேண்டும். அந்த ஆடு என்றைக்கோ முள்வேலியில் கீறிக்கொண்டதைக்கூடத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். அதே கண் வீட்டுக்கு வந்தால் வேறு கண். அடுப்பில் பால் பொங்கி வழியும். அவர் பக்கத்திலேயே நின்று ஜன்னல் வழியே மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த ஒரு தடவையாவது ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று அவருக்கு வெறியே வந்துவிட்டது. 'பரவாயில்லையே' என்று அவள் வாயால் ஒரு வார்த்தை. அவ்வளவுதான் ஆசை.

கம்பெனியில் சாம்பிள் ரூம் கவுஸ் பாஷாவிடம் யோசனை கேட்டார். கவுஸ் பாஷாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. அதாவது, தெரியாது என்று அவர் எதையும் சொன்னதில்லை.

"எங்க வீட்ல நாய் வளக்கறதில்ல பா. ஆனா மேட்டர் தெரியும். எல்லாம் வாசனைதான். வாசனையை அடிச்சிட்டா முடிஞ்சுது. நீலகிரித் தைலம் தடவு."

நவநீதன் ஒரு பாட்டில் வாங்கி மைதாவின் வாலில் பாதியும், கேட்டில் மீதியும் தடவினார். மைதா நாலு தும்மல் தும்மினாள். அதுவரை இந்தத் தெரு நாய்களுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். தைலம் தடவியதும் அடுத்த தெரு நாய்களும் என்னவோ ஏதோ என்று வந்துவிட்டன. நீலகிரித் தைல வாசனை எங்கே அடிக்கிறதோ அதுதான் பெண் வீடு என்று விலாசம் பரவிவிட்டது. ரயில்வே கேட்டைத் தாண்டிக்கூட இரண்டு வந்திருந்தன.

"ஜாஸ்தி தடவிட்டே பா," என்றார் கவுஸ் பாஷா. "பேஜாராவாதே. நான் ஒண்ணு தெச்சுத் தர்றேன்."

தைத்துத் தந்தது ஒரு ஜட்டி. கறுப்பு நாப்பா லெதர், வெண்ணெய் மாதிரி மெத்து. வாலுக்கு ஓட்டை, இடுப்பில் இரண்டு பக்கிள், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். "இத்தாலிக்குப் போற லெதர் பா இது. நம்ம ஊர்ல எந்த நாயி போட்டிருக்கும்?" என்று அவரே இரண்டு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மைதா அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது நவநீதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. தையலில் ஒரு குறை இல்லை. அந்த அழகைப் பார்த்தபடி அப்படியே நின்றாரே தவிர, பக்கிளை இறுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. மைதா ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தாள். ஜட்டி கழன்று கேட் ஓரம் விழுந்தது. கேட்டுக்கு அடியில் ஒரு கறுப்பு மூக்கு நுழைந்தது, ஜட்டி போயே போச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவே கறிக்கடைக்கும் காய்கறிக்கும் போய்க்கொண்டிருந்த நேரம். ஜட்டியைக் கவ்விக்கொண்டு ஒரு நாய் முன்னால் போக, மற்ற நாய்கள் பின்னால் போக, தெருவை மூன்று சுற்று ஊர்வலம் வந்தது. கடைசியில் நாலாவது வீட்டுச் செண்பகம்தான் அதைப் பிடுங்கினாள். தெருநாய்களுக்கெல்லாம் தினமும் சோறு வைக்கிறவள் அவள். ஒரு குச்சியில் மாட்டித் தூக்கிக்கொண்டு வந்து, கேட்காதவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சார்! இந்தாங்க, உங்க வூட்டு ஜட்டி!"

தண்ணீர்க் குழாயடியில் இருந்த பெண்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நவநீதனுக்கு மானம் போய்விட்டது. அந்தக் கோபம் அவள்மேல் பாய்ந்தது.

"எல்லாம் நீ சோறு போட்டு வளக்கற கூட்டம்தானே! முனிசிபாலிட்டில எழுதிக் குடுத்துருவேன், ஆமா!"

செண்பகம் குச்சியைக் கீழே போட்டாள். "குடுங்க சார். நல்லாக் குடுங்க. இனிமே உங்க வூட்டு விஷயத்துல நான் வாயைத் தொறந்தா என்னை இன்னான்னு கேளுங்க."

சொன்னபடியே அன்றிலிருந்து அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

வேறு வழியில்லாமல் மைதாவை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். மாடியில் யார் வந்துவிட முடியும்? யாரும் வரவில்லை. ஆனால் மைதா பாட ஆரம்பித்துவிட்டாள். சாயங்கால வெளிச்சம் தென்னை ஓலையெல்லாம் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் தோல் பதனிடும் ஷெட்டில் மர டிரம் சுற்றுகிற சத்தம் தாலாட்டு மாதிரி வந்துகொண்டே இருந்தது. மைதா கைப்பிடிச் சுவரில் முன்னங்காலை வைத்து, கண்ணை மூடி, மெல்ல ஒரு ஊளை விட்டாள். கீழே இருந்து பத்துப் பன்னிரண்டு குரல்கள் அதை வாங்கிக்கொண்டன.

நவநீதன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். பாவம், என்ன தப்பு செய்தாள் இவள்? அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்போதுதான் தனக்கும் சௌந்தர்யா இல்லாத வீடு எவ்வளவு வெறிச்சென்று இருக்கிறது என்பது உறைத்தது. "எனக்கும்தான்டி கஷ்டமா இருக்குது," என்றார். இரண்டு பேரும் மலையைப் பார்த்தபடி இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் வைத்த சாதம் அடிபிடித்த வாசனை கீழே இருந்து வந்தது.

மறுநாள் வீட்டுக்காரர், மேல்வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர் என்று வரிசையாக வந்து, ஒன்று நாய் பாட வேண்டும், இல்லை நாங்கள் குடியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நவநீதன் மறுபடியும் கவுஸ் பாஷாவிடமே போனார். பட்டும் புத்தி வராதா என்று கேட்பீர்கள். வேறு தோஸ்த் இல்லையே.

"போன வருஷம் முனிசிபாலிட்டி வண்டி வந்து உங்க ஏரியா நாயிங்களைப் புடிச்சிக்கினு போயி ஆபரேஷன் பண்ணி வுட்டுச்சு இல்ல?" என்றார் கவுஸ் பாஷா. "ஆபரேஷன் ஆன நாயி சாதுவா இருக்கும். அதுல ஒண்ணைப் புடிச்சி உள்ளே காவலுக்குப் போடு. அதால ஒண்ணும் ஆவாது. மத்ததையும் கிட்ட வுடாது."

"எது ஆபரேஷன் ஆனதுன்னு எப்படித் தெரியும்?"

"பின்னாடி குனிஞ்சு பாரு பா, தெரியும்."

நவநீதன் கேட்டுக்கு வெளியே வந்து, செலக்‌ஷன் மேஜைக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தக் கறுப்பனுக்குக் காது நுனியில் ஒரு துண்டு இல்லை. ரிஜெக்ட். அடுத்தது செவலை, அதற்கும் காதில் வெட்டு. ரிஜெக்ட். பட்டைபட்டையாக இருந்த கிழவனுக்கும் காதில் துண்டு போயிருந்தது. அட கண்றாவியே, ஒரு நாய்க்காவது காது முழுசாக இருக்கிறதா! எல்லாம் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்ட ரௌடிகள்.

கூட்டத்தை விட்டுத் தள்ளி, வேப்பமரத்தடியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. தேன் நிறம். புசுபுசு வால். இரண்டு காதும் வெற்றிலை மாதிரி முழுசு. ஒரு கீறல், ஒரு வடு இல்லை. மற்றவை முண்டியடிக்க, இது மட்டும் முன்னங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு எங்கேயோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நவநீதனுக்குத் தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. இருபது வருஷ அனுபவம் உள்ளே இருந்து கத்தியது: ஏ கிரேடு!

இருந்தாலும் கவுஸ் பாஷா சொன்னாரே என்று பின்பக்கம் போய்க் குனிந்தார். நாய் வாலைச் சுருட்டி அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. இன்னும் கொஞ்சம் குனிந்தார். அந்த நேரம் பார்த்துச் செண்பகம் சோற்றுக் குண்டானோடு வந்தாள். ஒரு நாய்க்குப் பின்னால் மண்டியிட்டிருக்கும் நவநீதனை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சபதம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டு போனாள். நவநீதன் செருப்பு வாரைச் சரிசெய்கிறவர் போல எழுந்தார். ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையை இப்படியெல்லாம் சோதிப்பது மரியாதையும் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா என்ன?

ஒரு பொறை பிஸ்கட்டைக் காட்டினார். நாய் வெட்கப்பட்டுக்கொண்டே உள்ளே வந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஆனந்தம். ரௌடிக் கூட்டம் கேட்டை நெருங்கினால் தேன்நிறத்தான் ஓர் உறுமல் உறுமுவான். அவ்வளவுதான், கூட்டம் வேப்பமரத்தடிக்குப் போய்விடும். மைதாவைச் சங்கிலியில் பிடித்து அவன் முன்னால் கொண்டுபோய்ச் சோதித்தும் பார்த்தார். மைதா பல்லைக் காட்டினாள். அவன் மரியாதையாகத் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று நவநீதன் இன்னும் ஒரு பொறை போட்டார்.

இரண்டொரு நாளில் தரையில் ரத்தச் சொட்டும் நின்றுவிட்டது.

"நின்னுடுச்சா? அப்ப கத முடிஞ்சுது பா," என்றார் கவுஸ் பாஷா.

அந்த மத்தியானம் நவநீதன் லீவு போட்டுவிட்டு, முன்கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். மைதாவைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்து விட்டிருந்தார். பாவம், எத்தனை நாள் சிறை! டிரம் சத்தம் தூரத்தில் உருண்டுகொண்டே இருந்தது. வேப்பங்காற்று வந்தது. அவருக்கு ஒரு கனவு வந்தது. தன் கல்யாணக் கனவு. மேளம் கொட்டுகிறது, நாதஸ்வரம் வாசிக்கிறது, யாரோ அட்சதை போடுகிறார்கள். சௌந்தர்யா மாலையோடு தலைகுனிந்து சிரிக்கிறாள். இவ்வளவு நிம்மதியாக அவர் பல வருஷம் தூங்கியதில்லை. விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தேன்நிறத்தான் கேட்டோரத்தில் காவலுக்குப் படுத்திருந்தான். மைதா துளசிச் செடியோரம் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வீடே ஒரு கோயில் மாதிரி இருந்தது.

அந்த வாரக் கடைசியில் சௌந்தர்யா ஆட்டோவில் வந்து இறங்கினாள். வாசலில் கூட்டம் இல்லை. மைதாவைத் தூக்கி, வாலைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், இறக்கிவிட்டாள். நவநீதன் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நின்றார்.

"ஒரு நாய்கூடக் கிட்ட வரலியா?"

"ஒண்ணுகூட வரல. அந்தக் காதறுந்த கூட்டம் இன்னா ஆட்டம் ஆடுச்சு தெரியுமா? ஒருத்தனை உள்ளே வுடலியே!"

சௌந்தர்யா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பரவாயில்லையே!" என்றாள். "நான்தான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். இனிமே வீட்டுச் சாவியக்கூட உங்களை நம்பிக் குடுக்கலாம் போல இருக்குதே."

நவநீதனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்குத்தான் அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சௌந்தர்யா அக்கா வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, செண்பகம் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கு வந்தாள். குரலைக் கேட்டதும் துளசிச் செடிக்குப் பின்னாலிருந்து தேன்நிறத்தான் சோம்பல் முறித்து எழுந்து, மைதாவின் முகத்தை ஒரு நக்கு நக்கிவிட்டு, செண்பகத்திடம் வாலை ஆட்டிக்கொண்டு ஓடினான். செண்பகம் அவனைப் பார்த்தாள். மைதாவைப் பார்த்தாள். நவநீதனைப் பார்க்காமல், சௌந்தர்யாவிடம் சொன்னாள்:

"அக்கா, அந்தக் காது வெட்டுனதுங்க எல்லாம் போன வருஷம் நானே புடிச்சுக் குடுத்து ஆபரேஷன் ஆனதுங்க, அடையாளத்துக்குத்தான் காதுல வெட்டி வுட்டாங்க, அதுங்க சும்மா வேடிக்கை பாக்க வந்ததுங்க, அன்னிக்கு வண்டிக்குச் சிக்காம ஓடுனது இந்த ஏரியாவுலயே இவன் ஒருத்தன்தான், இவனை யாருக்கா பொறை போட்டு உள்ளே கூப்பிட்டது?"