பெரட்டு ஐயா கொடுத்த அரைப்பேர்

பெரியாறு வற்றிப்போன கோடையைப் பார்த்தவர்கள் எங்கள் வண்டிப்பெரியாரில் உண்டு. பெரட்டு ஐயா, வளர்ந்த மனிதர் ஒருவருக்கு முழுப் பேர் கொடுத்ததைப் பார்த்தவர்கள் கிடையாது.

பெரட்டு என்பது தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கூப்பிடுகிற சடங்கு. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இரும்பால் ஓங்கி அடிப்பார்கள். ஆட்கள் வரிசையாக நின்று, கூப்பிட்டதும் பதில் சொல்ல வேண்டும். நேரத்துக்கு வந்தால் அன்றைக்கு முழுப் பேர். தாமதமானால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. ரொம்பத் தாமதமானால் வந்த வழியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். காலமெல்லாம் இதை நடத்திய ஒரு சூப்பர்வைசருக்குச் சொந்தப் பெயரே தேய்ந்துபோய், பெரட்டு ஐயா என்று ஆகிவிட்டது. அவர் மனைவியே அக்கம்பக்கத்தில் பேசும்போது "எங்க வீட்டுப் பெரட்டு" என்றுதான் சொல்வார்.

ஓய்வு பெற்றதும் கூப்பிட ஆள் இல்லாமல் மனிதர் தவித்துப் போனார். கொஞ்ச நாள் வீட்டுக் கோழிகளை வைத்து நடத்திப் பார்த்தார். கோழிகள் வரிசைக்கு ஒத்து வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் நான் புத்தி கெட்டுப்போய் அவரை எங்கள் சென்டர் கமிட்டியில் சேர்த்தேன்.

சென்டர் என்பது ஊனமுள்ள குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பகல் பள்ளி. தோட்டத்துக்குப் போகிற ரோட்டோரம் இரண்டு அறை, ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு கொய்யா மரம். நடக்கவும் பேசவும் பழக்குவதற்குக் குமுளியிலிருந்து பஸ்ஸில் வரும் பிசியோ டீச்சர். செகரட்டரி நான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டேஷனரிக் கடை வைத்திருப்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை.

எல்லாம் இருந்தது, பிள்ளைகள்தான் இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் அப்படிப்பட்ட குழந்தைகள் இருப்பது ஊருக்கே தெரியும். ஆனால் வந்தது இரண்டோ மூன்றோதான். நோட்டீஸ் ஒட்டினோம், வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், ஜீப்பில் மைக் கட்டிக் கத்தினோம். ஒன்றும் நடக்கவில்லை. சென்டரை நடத்துகிற டிரஸ்ட் கோட்டயத்தில் இருக்கிறது. மழைக்காலம் முடிவதற்குள் பிள்ளைகள் வராவிட்டால் மூடிவிடுவோம் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். மூடிவிட்டால் அமுதாவுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

அமுதாவுக்கு ஒன்பது வயது. கை, கால் இரண்டும் பிறந்ததிலிருந்தே சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் இளைப்பாறி இளைப்பாறித்தான் வரும். அவள் அம்மா பேச்சியம்மாள் கொழுந்து பறிப்பவர். சென்டருக்கு எதிர்வீடு என்பதால்தான் அமுதாவே வந்தாள்.

முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே பெரட்டு ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சென்டரு எத்தன மணிக்குத் தொறக்கும்?"

"பத்து மணிக்கு ஐயா."

"பத்து மணிக்கா? இதென்ன கள்ளுக்கடையா?"

மறுநாள் விடிந்தபோது கொய்யா மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. ஏழு மணிக்கு அவர் அடித்த அடியில் ஊர் நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன. நான் லுங்கியோடு ஓடினேன். டீச்சர் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது.

"ஐயா, பஸ்ஸு லேட்டாயி."

"பஸ்ஸுக்கு அரைப்பேரு. டீச்சருக்கும் அரைப்பேரு. செகரட்டரி!"

"வந்தேன் ஐயா. நான் அப்பவே வந்துட்டேனே!"

"சட்டையில மேல் பட்டன் வரலயே. அரைப்பேரு!"

டீச்சர் அவரைத் திட்டிக்கொண்டே மறுநாளிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தார். பட்டன் இல்லாததால் நான் தினமும் அரைப்பேரிலேயே நின்றேன். தைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பதோடு சரி.

தோட்டத்துப் பெரட்டுக்குப் போகும் பெண்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டுச் சுவரோரம் நின்றார்கள். எல்லோரும் இதே மனிதரிடம் அரைப்பேர் வாங்கி அழுதவர்கள். இப்போது படித்தவர்களுக்கு விழுகிறது என்றால் சும்மா போக மனம் வருமா?

"ஏட்டி, எல்லாரும் ஓடியாங்க! டீச்சருக்கு அரைப்பேரு விழுது!" என்று பேச்சியம்மாள் ரோட்டில் நின்று கூவினார்.

வேடிக்கைக் கூட்டம் நாளுக்கு நாள் பெருகியது. வீட்டில் பிள்ளையைத் தனியாக விட முடியாதவர்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்தார்கள். ஒருநாள் ஒருத்தி, "டீச்சரே, இவனக் கொஞ்சம் புடிங்க. எங்க பெரட்டுக்கு நேரமாச்சு, சாயங்காலம் வந்து கூட்டிக்கிடுதேன்" என்று கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். அடுத்த நாள் இன்னொருத்தி. மழை பாதி முடிவதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. பத்து மணிக்குத் தாய்மார் எல்லாம் கூடையோடு மலையில் இருப்பார்கள், பிள்ளையைத் தூக்கி வர வீட்டில் தெம்புள்ள ஆள் இருக்காது. இந்தச் சின்ன விஷயம் எங்கள் கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரட்டு ஐயாவுக்கும் தோன்றவில்லை. அவர் பாட்டுக்கு, "வரிசை எங்க? வரிசை!" என்று கோபித்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளுக்கு மட்டும் எப்போது வந்தாலும் முழுப் பேர். ஆனால் பதில் சொல்லியாக வேண்டும். பேச வராதவர்கள் கையைத் தூக்கினார்கள், ஒரு பையன் தட்டைத் தட்டினான். அமுதாவின் முறை வந்தபோது டீச்சர் இரக்கப்பட்டு, "அவள் வந்திருக்கா ஐயா" என்றார்.

"அத அவ சொல்லட்டும். எல்லாரும் நில்லுங்க."

தூறல் போட ஆரம்பித்தது. ஆயுளில் யாருக்காகவும் அரை நிமிஷம் பொறுக்காத மனிதர் கையில் இரும்போடு அசையாமல் நின்றார். "வ... ந்... தே... ன்" என்று அமுதா முடிப்பதற்குள் எங்கள் தலை நனைந்துவிட்டது.

"முழுப் பேரு!" என்று ஒரு அடி அடித்தார் பாருங்கள், கொய்யா உதிர்ந்தது.

மழை முடிகிற சமயத்தில் டிரஸ்ட்டிலிருந்து மேடம் காரில் வந்தார். மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். வந்தது பத்து மணிக்கு. வாசலில் நின்றது பெரட்டு ஐயா.

"பெரட்டு முடிஞ்சிருச்சு. நாளைக்கு வாங்க."

"ஞான் டிரஸ்ட்டில் நின்னாணு."

"எங்கேருந்து வந்தாலும் நாளைக்குத்தான்."

விஷயம் கேள்விப்பட்டுக் கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். அதற்குள் கார் திரும்பிவிட்டது.

"ஐயா, சென்டர மூடப் போறதே அந்தம்மாதான்!"

"மூடுறதா இருந்தாலும் நேரத்துக்கு வந்து மூடட்டும்."

மறுநாள் ஏழு மணிக்கு மேடம் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வந்து இறங்கினார். முற்றம் நிறையக் கூடைகளும் பெண்களும் பிள்ளைகளும். என்ன ஏது என்று அவர் கேட்பதற்குள் பெரட்டு ஐயா, "மேடம்!" என்று ஒரு அதட்டல் போட்டார். அவரும் தன்னையறியாமல், "வந்நு" என்றார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அமுதா பதில் சொல்லி முடிக்கும்வரை மேடமும் எங்களோடு நின்றார். மூடுகிற பேச்சை எடுக்கவேயில்லை. கிளம்பும்போது, "ஒரு டீச்சர் கூடுதலா வேணும், அல்லே?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு முக்கால் பேர் கிடைத்தது. எந்தத் தோட்டத்திலும் அப்படி ஒன்று கிடையாது.

இந்த வருஷத்து மழையில் பெரட்டு ஐயா வாசல்படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நான் நினைத்தது நிஜம். ஆனால் மறுநாளும் ஏழு மணிக்குத் தண்டவாளம் அலறியது. அடித்தவர் பேச்சியம்மாள். பேர்களை எல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டு, கடைசியில் குறும்பாக, "பெரட்டு ஐயா!" என்றார்.

பின்னாலிருந்து அமுதா பதில் சொல்ல ஆரம்பித்தாள். தோட்டத்துப் பெரட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இனிப் போனால் அங்கே அரைப்பேர்தான். ஒரு கூடைகூட நகரவில்லை.

"வ... ந்... தா... ரு."

மத்தியானம் அவரைப் பார்க்கப் போனேன். மாவுக்கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடந்தார்.

"எனக்கு என்ன பேரு போட்டீங்க?"

"நீங்க வந்ததாச் சொல்லியாச்சு ஐயா."

"பொய்ப் பேரா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார். "படுத்துக் கெடக்கவன வந்துட்டான்னு சொன்னது யாரு?"

"அமுதா."

எழுந்திருக்கப் பார்த்தவர் திரும்பப் படுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் நின்னீங்களா?" என்றார்.

"நின்னோம் ஐயா."

"செகரட்டரி?"

"நானுந்தான்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்பச் சரி. செகரட்டரிக்கு முழுப் பேரு."

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஊசி நூல் எடுத்து அந்த மேல் பட்டனைத் தைத்துக்கொண்டேன்.