பொம்மை நகரத்தில் மின்வெட்டு

மனிதகுலத்தின் மின்சார வரலாறு அன்று காலை பத்தரை மணிக்குத் திரும்பவிருந்தது. புரொஜெக்டர் ஒயர் எட்டாததால் பத்தே முக்காலுக்குத்தான் திரும்பியது.

மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் 'ஹைவோல்டேஜ்' என்று அழைக்கும் பேராசிரியர், கணினிக்குள் தாம் கட்டிய பொம்மை நகரத்தை ஆய்வுக்குழுவுக்குத் திரையில் காட்டினார். குழு தலையசைத்தால் அந்த அறை ஆய்வகம். இல்லாவிட்டால் உடைந்த நாற்காலிகளுக்குக் கிடங்கு.

மேஜைமேல் இருந்த பீங்கான் ப்யூஸ் கட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"இது கற்காலம்! இனிமே கரண்ட் போனா யாரும் போன் பண்ணிப் புலம்ப வேண்டாம். எந்த வீட்ல போச்சுன்னு நமக்கே தெரிஞ்சிடும்."

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து நெளிந்தார்.

"வீட்டுக்காரி. வாழ்த்து சொல்லக் கூப்பிடுறா."

அழைப்பைத் துண்டித்தார்.

"எங்க, ஒரு கோளாறு பண்ணிக் காட்டுங்க," என்றார் குழுத் தலைவி.

ஹைவோல்டேஜ் ஒரு மின்பாதையை அறுத்தார். அதன் சுமை பக்கத்துப் பாதையில் ஏறி, அது சிவந்தது. சுமையை மூன்றாவதற்குத் தள்ளினார். அதுவும் படுத்துக்கொண்டது. மறுபடி போன்.

"ரொம்பப் பாசம் போலிருக்கே!" என்றார் தலைவி.

ஹைவோல்டேஜ் அழைப்பை மறுபடி துண்டித்தார். மருத்துவமனையைக் காப்பாற்றப் போய் ரயில் நிலையத்தை அணைத்தார். ரயில் நிலையத்தைக் காப்பாற்றப் போய் ஊரையே அணைத்தார். கடைசித் தெருவிளக்கு ஒன்று மினுக்கிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று அதுவும் அணைந்தது.

"சார், நான் பாக்கட்டுமா?"

கடைசி பெஞ்ச் மாணவி. போன பரீட்சையில் கோட்டைவிட்டவள்.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல குடுக்கப் பார்த்தீங்க சார், அதான். முதல்ல ஆஸ்பத்திரி மட்டும். அப்புறம் தண்ணி பம்பு."

தெருத்தெருவாக ஊர் விழித்துக்கொண்டது.

"எங்கம்மா கத்துக்கிட்டே?" என்றார் தலைவி.

"இதுலதான் மேடம். முப்பத்தேழு தடவை ஊரை இருட்டாக்கியிருக்கேன். நிஜ ஊரா இருந்தா முதல் தடவையே உதைச்சிருப்பாங்க."

தலைவி சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். "ஆய்வகம் உங்களுக்குத்தான்."

கைதட்டல். "இதைத்தான் நான் காட்ட நினைச்சேன்," என்று ஹைவோல்டேஜ் நெஞ்சை நிமிர்த்தினார்.

அலுவலக உதவியாளர் கதவருகே வந்து நின்றார்.

"சார், உங்க வீட்டம்மா ஆபீஸ் நம்பருக்கே பேசிட்டாங்க. காலையிலேருந்து உங்க வீட்ல மட்டும் கரண்ட் இல்லையாம். மெயின் பெட்டியில ப்யூஸ் கட்டையைக் காணோமாம்."