மொட்டையின் முழங்காலும் ஒரு மீட்டர் லைனிங்கும்

சனிக்கிழமை எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. தி. நகர் போய் அம்மாவின் ரவிக்கைக்கு மெரூன் கலரில் ஒரு மீட்டர் லைனிங் துணி வாங்க வேண்டும். அப்படியே மொட்டையையும் வாங்கி வர வேண்டும்.

மொட்டை என்பவர் ஐரோப்பாவில் எங்கேயோ கால்பந்து ஆடுகிறவர். பெயரைச் சொன்னால் அவருடைய ரசிகர்கள் கமெண்டில் வந்துவிடுவார்கள். எனக்கு ஏற்கெனவே போதுமான சண்டைகள் நடப்பில் இருக்கின்றன.

விஷயம் தெரியாதவர்களுக்கு: எங்கள் எம்.ஏ. பொருளாதார வகுப்பில் எட்டுப் பேர் சேர்ந்து ஃபேன்டஸி ஃபுட்பால் ஆடுகிறோம். சீசன் ஆரம்பத்தில் பெசன்ட் நகர் பீச்சில் வட்டமாக உட்கார்ந்து, முறை வைத்து, நிஜ ஆட்டக்காரர்களை ஆளாளுக்குப் பிரித்துக்கொண்டோம். இதுதான் டிராஃப்ட். ஒருத்தர் எடுத்த ஆளை இன்னொருத்தர் எடுக்க முடியாது. அவர் அங்கே கோல் போட்டால் நமக்கு இங்கே பாயிண்ட். நடுவில் பேரம் பேசி ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

காசு பணம் கிடையாது. கடைசி இடத்துக்கு மட்டும் ஒரு தண்டனை உண்டு. அடுத்த சீசன் தொடங்கும்வரை அவர் எங்கள் வாட்சப் குரூப்பில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கட்டைவிரல் இமோஜி போடலாம். அவ்வளவுதான்.

இந்த விதியைக் கொண்டுவந்தவள் நான். அப்போது நான் வேறு சிலரை மனதில் வைத்திருந்தேன்.

கடைசி வாரம் வந்தபோது கடைசி இடத்தில் நான் இருந்தேன்.

காரணம் சொல்கிறேன். டிராஃப்ட் அன்று எல்லாரும் கோல் போடுகிறவர்களுக்காக அடித்துக்கொண்டார்கள். எல்லாரும் ஓடுகிற பக்கம் ஓடினால் அதிக விலை கொடுக்க நேரும், மதிப்பு என்பது கூட்டம் பார்க்காத இடத்தில் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லிவிட்டு, முதல் ரவுண்டில் நான் ஒரு கோல்கீப்பரை எடுத்தேன்.

"கோலியையா மச்சி மொதல்ல எடுக்கற?" என்றான் நகுல். அவன் கால்பந்தே பார்க்காதவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவத்துக்குச் சேர்த்துக்கொண்டோம். அவனுக்கு நான் விளக்க ஆரம்பித்தபோது வெயில் இருந்தது. முடித்தபோது சுண்டல்காரர் பெட்ரோமாக்ஸ் ஏற்றியிருந்தார்.

என் கோல்கீப்பர் நல்லவர். அவருக்கு முன்னால் நிற்கிற நாலு பேர்தான் சரியில்லை. இதை நான் குரூப்பில் பலமுறை நிறுவியிருக்கிறேன்.

ஆக, எனக்கு மேலே நகுல். கொஞ்சம் பாயிண்ட்தான் வித்தியாசம். கோல் போடுகிற ஓர் ஆள் கிடைத்தால் தாண்டிவிடலாம். கிடைக்காவிட்டால் பல மாதங்கள் ஏழு பேர் தப்புத்தப்பாகப் பேசுவதை நான் படித்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று புரியும்.

மொட்டை இருந்தது செல்வியிடம். செல்வி முதலிடத்துக்குப் போட்டியில் இருந்தாள். சனிக்கிழமைகளில் உஸ்மான் ரோடு பக்கத்துச் சந்தில் அவள் அப்பாவின் துணிக்கடையில் உட்காருவாள். லைனிங், ஃபால், ரவிக்கைத் துணி எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரே பயணத்தில் இரண்டு வேலை.

கிளம்பும்போது அம்மா வழக்கமான உபதேசத்தைச் செய்தாள். அம்மா இயற்பியல் பேராசிரியை. ஆனால் பேரத்துக்கு அவள் வைத்திருக்கும் விதியைத்தான் எல்லா விதிகளுக்கும் மேலே வைப்பாள்.

"வேணுங்கற துணியைத் தொடவே தொடாதே. வேற எதையாவது காட்டச் சொல்லு. வேண்டாம்னுட்டு எழுந்துண்டு வா. நாலு கடை தாண்டறதுக்குள்ள கூப்பிடுவா."

லைனிங்குக்கு இதெல்லாம் வேண்டாம், செல்வி கடையில் ஒரே விலை என்று போர்டே இருக்கிறது. ஆனால் மொட்டைக்கு அப்படிப் போர்டு இல்லையே என்று எனக்குத் தோன்றியது.

கடையில் செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து யாருக்கோ ஃபால் அளந்துகொண்டிருந்தாள். நான் குடுமியைத் தருவாயா என்று ஆரம்பித்தேன். குடுமி அவளுடைய நடுக்கள ஆள். எனக்கு வேண்டவே வேண்டாம். பதிலுக்கு என்ன தருவாய் என்றாள். என் கோல்கீப்பர் என்றேன். அவள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் கவனித்தேன்.

சரி, குடுமியோடு வேண்டுமானால் அந்த மொட்டையையும் ஒழித்துக்கட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். போகிற போக்கில்.

"மொட்டைக்கு என்னடி?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். வயசு ஆகிவிட்டது என்றேன். போன வாரம் ஒரு கார்னர் முடிந்ததும் இடது முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், கேமரா காட்டவில்லை, நான் பார்த்தேன் என்றேன். கோச்சுக்கு அவன்மேல் நம்பிக்கை போய்விட்டது, இந்த வாரம் ஆட விடாமல் பெஞ்சில்தான் உட்கார வைப்பார் என்றேன். இதில் பாதி உண்மை. மீதியை உண்மைக்கு உரிய குரலில் சொன்னேன்.

செல்வி அளப்பதை நிறுத்திவிட்டாள்.

"நெசமாவாடி?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

யோசிக்க வேண்டும் என்றாள். நான் எழுந்தேன். அம்மா சொல்லிக்கொடுத்த நடை: அவசரமும் கூடாது, தயக்கமும் கூடாது. வளையல் கடை தாண்டினேன். பாத்திரக் கடை தாண்டினேன். கவரிங் நகைக் கடையில் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். செல்வி கூப்பிடவில்லை.

சந்து முடிந்துவிட்டது. அதற்குமேல் நடந்தால் பனகல் பார்க் வந்துவிடும். கரும்பு ஜூஸ் வண்டி ஓரமாக நின்று ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தேன். அப்போது போன் சிணுங்கியது.

எங்கள் ஃபேன்டஸி ஃபுட்பால் ஆப்பிலிருந்து செய்தி. செல்வி மொட்டையைக் கழற்றி விட்டுவிட்டு, யாரும் எடுக்காமல் விட்டிருந்த ஒரு பொடியனைச் சேர்த்திருந்தாள்.

எங்கள் விதிப்படி, கழற்றிவிட்ட ஆளை எடுக்கும் முதல் உரிமை கடைசி இடத்தில் இருப்பவருக்கு. சாயங்காலம் வரை நேரம். அவர் எடுக்காவிட்டால் அடுத்து மேலே இருப்பவருக்குப் போகும். அதாவது மொட்டை எனக்கு இலவசம். பச்சைப் பட்டனை ஒரு தரம் தொட்டால் போதும்.

தொடவில்லை.

நீங்களே சொல்லுங்கள். செல்வி தி. நகரில் பிறந்து வளர்ந்த வியாபாரக் குடும்பத்துப் பெண். எந்தக் காலத்திலாவது நல்ல சரக்கைச் சும்மா தெருவில் வைப்பாளா?

லைனிங் வாங்கவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன்.

"எடுத்துட்டியாடி?" என்றாள் செல்வி.

"யாரை?"

"மொட்டையத்தான். உனக்குத்தான ஆள் இல்ல. எடுத்துக்கோ, ஒரு ஆட்டம் தாங்குவான்."

கடைக்காரி தானாகப் புகழ்கிறாள். எனக்குள் மணி அடித்தது. இவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. ஒருவேளை முழங்கால் நிஜமாகவே போயிருக்குமோ?

பேச்சை மாற்றி லைனிங் கேட்டேன். ஒரு மெரூன் சுருளை எடுத்துப் போட்டு, இது சாயம் போகாது என்றாள். நான் பக்கத்தில் இருந்த சுருளைக் காட்டினேன். அது போகும்டி என்றாள். பரவாயில்லை, அதையே வெட்டு என்றேன். ஒரே நாளில் இரண்டு தடவை ஏமாற நான் தயாராக இல்லை.

மயிலாப்பூர் பஸ்ஸில் வரும்போது மொட்டையின் முழங்கால் பற்றி நெட்டில் தேடினேன். ஒரு செய்தியும் இல்லை. அதுதான் என்னை மேலும் கவலைப்படுத்தியது. மறைக்கிறார்கள்.

சாயங்காலம் நேரம் முடிந்தது. மொட்டை நகுலிடம் போனார். ஏன் எடுத்தாய் என்று போன் போட்டுக் கேட்டேன்.

"லிஸ்ட்ல மேல கீறாரு மச்சி, அமுக்கினேன். இன்னா, நல்ல பிளேயரா?"

இரவு ஆட்டத்தில் மொட்டை மூன்று கோல் போட்டார். மூன்று தடவையும் மூலைக் கொடி வரை ஓடி, முழங்காலில் சறுக்கி விழுந்து கொண்டாடினார். மூன்றாவது தடவை இடது காலை மட்டும் மடக்கிச் சறுக்கினார். எனக்காகச் செய்தது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா லைனிங்கை நனைத்துப் போட்டாள். பக்கெட் முழுக்க மெரூன்.

"சாயம் போகும்னு கடைல சொல்லலியா?"

"சொன்னா."

"பின்னே ஏன் வாங்கிண்டு வந்தே?"

"சொன்னதாலதான்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இயற்பியல் எதுவும் இல்லை.

உள்ளே வந்து போனைப் பார்த்தால், குரூப்பில் கணக்கு முடிந்திருந்தது. நகுல் தப்பித்துவிட்டான். மொட்டையின் மூன்று கோலும் கையில் இல்லாததால் செல்வி முதலிடத்தைத் தவறவிட்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாள், வகுப்பில் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கிற ஒரே ஆள் நான்தான் என்று. அவள் போட்டிருந்தது ஒரே ஒரு வரி.

"முழங்கால் போச்சுன்னியேடி."

கீழே மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு கேள்விக்குறி போட்டுக் காத்திருந்தார்கள்.

என்னிடம் பதில் இருந்தது. முழங்காலில் சறுக்குவது முழங்கால் நன்றாக இருப்பதற்கு ஆதாரம் ஆகாது என்பதில் தொடங்கி, ஒரு நாள் ஆட்டத்தை வைத்து ஒருவரின் மதிப்பை முடிவு செய்யக் கூடாது என்பது வரை நாலு பகுதிகள். டைப் பண்ணி முடித்து அனுப்பப் போகும்போது நகுலின் செய்தி வந்தது.

"ரூல் மச்சி."

கட்டைவிரலை அனுப்பினேன்.