முந்நூறு புள்ளித் தரத்தில் ஒரு பிளம்பர்

மனிதகுலம் நெருப்பைக் கண்டறிந்த நாளுக்கு நிகரான நாள் வேறொன்று உண்டெனில், அது நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச்சங்கம், தன் காலாண்டிதழில் இனி மங்கலான புகைப்படம் ஒன்றுகூட இடம்பெறாது என்று தீர்மானம் நிறைவேற்றிய நாளேயாகும். அத்தீர்மானத்தை முன்மொழிந்தவரும், வழிமொழிய ஆளில்லாமையால் தாமே வழிமொழிந்தவரும், அதன் பயனாகப் 'படச் செயலாளர்' என்னும் பதவியை அடைந்தவரும் ஒருவரே. எடை அளவை ஆய்வாளராக முப்பத்தோராண்டு பணியாற்றி ஓய்வுபெற்றவர். தராசு முள் மயிரிழையளவு சாய்ந்தாலும் கடைக்காரர்களை வியர்க்க வைத்தவர். அத்தகையவரிடம் மங்கலான படத்தை நீட்டும் துணிவு எவருக்கு வரும்?

நாற்பத்தேழு வீட்டாருக்கும் வந்தது.

அவர் மனம் தளரவில்லை. பதினொரு விதிகளை வகுத்து லிஃப்டுக்குள் ஒட்டினார். ஓர் அங்குலத்தில் முந்நூறு புள்ளிகள் இருத்தல் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் இளைத்துவிடும், ஆதலின் மூலப் படத்தையே தருக என்றார். மூன்றாம் மாடி ஆசிரியை மூலப் படத்தோடு தம் செல்பேசியையே கொண்டுவந்து கொடுத்து, கையெழுத்தும் வாங்கிச் சென்றார். ஐந்தாம் மாடிக்காரரோ, படத்தை டிவியில் போட்டு, அந்த டிவியைப் படமெடுத்து அனுப்பினார்.

"பெருசா வேணும்னீங்களே சார்! எங்க டிவி அம்பத்தஞ்சு இஞ்சு."

இத்தகைய தியாகங்களுக்கு இடையேதான், இருபத்திரண்டு ஆண்டுகளாக அக்குடியிருப்பின் குழாய்களைக் காத்துவந்த பிளம்பர், அந்த மாத இறுதியில் ஓய்வுபெறவிருந்தார். ஒரு காலைப்பொழுதில் செயலாளரின் வீட்டுக்கு வந்தார்.

"கூட்டம், பேச்சு எதுவும் வேணாம்னுட்டேன் சார். புஸ்தகத்துல என் போட்டோ ஒண்ணு போட்டீங்கன்னா போதும். வீட்டுக்காரிகிட்ட காட்டணும். இத்தனை வருஷத்துல அவ இந்தக் கேட்டுக்குள்ள வந்ததே இல்லை."

"உங்க படம் இல்லாம இதழா? உக்காருங்க. தரமானதா ஒண்ணை இப்பவே தேடி எடுத்துடறேன்" என்று கணினியைத் திறந்தார் செயலாளர்.

சங்கத்தின் சேமிப்பில் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பொறுப்பாளர்கள் பளிச்சென்று விளங்கினர். பிளம்பரும் இல்லாமலில்லை. ஒன்றில் ஏணிமேல் ஒரு குதிகால். மற்றொன்றில் தலைவரின் தோளுக்கு அப்பால் அரைக் காது. 'படத்தின் ஓரத்தில் தேவையற்றவை இருப்பின் வெட்டி நீக்குக' என்னும் ஏழாம் விதியைச் செயலாளர் தம் கையாலேயே எத்துணைச் செம்மையாக நிறைவேற்றியிருந்தார் என்பதற்கு அவை சான்று பகர்ந்தன.

உள்ளிருந்து வந்த செயலாளரின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, மனுஷனே எதிர்ல உக்காந்து டீ குடிக்கிறாரு. ஒரு போட்டோ எடுத்தா முடிஞ்சுது."

"ஒன்பதாம் விதி. இதழுக்குன்னே எடுத்த படம் செல்லாது. இயல்பு கெட்டுடும்."

"யாரு போட்ட விதி?"

"நான்தான்."

"அப்ப நீங்களே மாத்துங்க."

"போட்டவனே மாத்தினா விதிக்கு என்ன மரியாதை?"

மனைவி பெருமூச்சு விட்டு, தம் செல்பேசியை நீட்டினார். "இந்தாங்க. இயல்பா எடுத்தது. பிளம்பர் அண்ணனும் முழுசா இருக்காரு."

முந்தைய மழைக்காலத்தில் கீழ்த்தளத்துக் கார் நிறுத்துமிடம் இடுப்பளவு நீரில் மூழ்கிய நாளின் படம் அது. காரின் கூரைமேல் ஏறி நின்று அபயக்குரல் எழுப்பிய செயலாளரைப் பிளம்பர் முதுகில் சுமந்து வருகிறார். செயலாளரின் கால்கள் பிளம்பரின் இடுப்பைப் பின்னியிருந்தன. கைகள், கைக்கடிகாரத்தோடு, கழுத்தைக் கட்டியிருந்தன. வெளிச்சம், தெளிவு, அளவு அனைத்தும் பதினொரு விதிகளுக்கும் முற்றும் பொருந்தின.

வாழ்நாளில் முதன்முறையாகச் செயலாளர் ஒரு பொருளில் குறை இருக்கவேண்டுமென விரும்பினார்.

"கொஞ்சம் மங்கலா இருக்கே?"

"மூக்குக் கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க."

"என் கண்ணு மூடியிருக்கு."

"அதான் வாய் தொறந்திருக்கே, பத்தாதா?"

பிளம்பர் டம்ளரைக் கீழே வைத்தார். "அது வேணாம்மா. சாருக்குச் சங்கடமா இருக்கும்."

"சங்கடமா? எனக்கா?" என்றார் செயலாளர், நிமிர்ந்து. "தரம்தான் முக்கியம். இதையே போடறேன்."

அவர் சொன்ன சொல் தவறாதவர். அன்று பிற்பகல் முழுவதும் கணினிமுன் அமர்ந்து, இதுகாறும் பிறர்மீதே பாய்ந்துவந்த ஏழாம் விதியைத் தம்மீதே பாய்ச்சிக்கொண்டார். மேலே தம் தலையை வெட்டினார். கீழே தம் கால்களை வெட்டினார். வரலாற்றில் எந்தப் பதவியாளர் தம்மைத் தாமே இங்ஙனம் நீக்கிக்கொண்டார்? இறுதியில் பிளம்பரின் முகமும் கழுத்தும் எஞ்சின. கழுத்தைச் சுற்றிய இரு கைகளும் எஞ்சின. அவற்றை நீக்கினால் பிளம்பரின் தாடையும் போய்விடும். கைகளுக்கு முகமா இருக்கிறது, யார் அறியப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

இதழ் வந்தது. பளபளக்கும் தாளில், பக்கம் நிறையப் பிளம்பர். நெற்றியில் வழிந்த நீர்த்துளிகளை எண்ணலாம். அடியில் செயலாளரின் செந்தமிழ்: 'இருபத்திரண்டு ஆண்டுகள் நம் சங்கத்தின் அரவணைப்பில்.'

கடைசி நாளன்று கருவிப்பையைத் தோளில் மாட்டியவாறு விடைபெற வந்த பிளம்பரிடம், செயலாளர் அப்பக்கத்தைத் தாமே விரித்துக் காட்டினார். பிளம்பர் நெடுநேரம் பார்த்தார்.

"முகம் நல்லா விழுந்திருக்கு சார்."

"முந்நூறு புள்ளி!"

"தெரியுது சார். வாட்ச்சுல மணி மூணு இருபதுன்னுகூடத் தெரியுது." பிளம்பர் இதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். என் கழுத்தைப் புடிச்சிருக்கிறது யாருன்னு வீட்டுக்காரி கேட்டா, உங்களைச் சொல்லட்டுமா, சங்கத்தைச் சொல்லட்டுமா?"