கஸ்பர் லொறிக்குச் சுகமில்லை

இந்தத் தடவை பெண்டாட்டிக்குப் பயப்படுவதில்லை என்று கஸ்பர் முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டியது லொறிக்கு அடியில் படுத்துக்கொண்டு. அந்த வீட்டில் அவர் துணிந்து எதையும் நினைக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

லொறி என்றால் சாதாரண லொறியா? இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடிய பட்டாளத்து லொறி. கஸ்பரும் அப்போது பட்டாளத்தில் டிரைவர். யுத்தம் முடிந்து, மிஞ்சிய வண்டிகளைத் தியத்தலாவைப் பட்டாள முகாமில் குவித்துப் போட்டு ஏலம் விட்டபோது, மனுஷன் வீட்டில் கறந்துகொண்டிருந்த பசுவை விற்று இதை எடுத்து வந்தார். பசு அந்தோனியம்மா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. லொறி வந்த அன்று அவள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாடு பால் குடுத்துச்சு. இது என்னத்தங்க குடுக்கும்?"

அது எதையும் கொடுக்கவில்லை, எண்ணெயைத்தான் குடித்தது. கஸ்பர் பகலெல்லாம் தேயிலைத் தோட்டத்து பாக்டரி லொறியை ஓட்டுவார். சாயந்தரமானால் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் நிற்கும் தன் லொறிக்குக் கீழே புகுந்துவிடுவார். விளக்குப் பிடிக்க அந்தோனியம்மா. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க அந்தோனியம்மா. அவர் முன்னால் நின்று ஹேண்டில் சுற்றும்போது உள்ளே உட்கார்ந்து, மிதிக்கச் சொன்ன இடத்தில் மிதிக்கவும் அந்தோனியம்மாதான். வருஷக்கணக்கில் இப்படி மல்லுக்கட்டி, ஒருவழியாய் வண்டி உறுமி எழுந்தபோது பெயர் மட்டும் கஸ்பருக்கு.

இப்போது நுவரெலியாவில் ஏப்ரல் சீசன். தோட்டத்துத் துரைமார் கூடி, யுத்தகாலத்து வண்டிகளையெல்லாம் குதிரைப் பந்தய மைதானத்தில் வரிசையாக ஓட்டிக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். சனிக்கிழமை. பெரிய துரையே கஸ்பரைக் கூப்பிட்டு, உன் லொறியும் வரட்டும் என்று சொல்லிவிட்டார். காக்கிச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லாமல் ஒற்றை ஆளாய் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதை நினைக்கும்போதே கஸ்பரின் கை மீசைக்குப் போனது. அந்த ஒரு நாளுக்காகத்தானே இத்தனை வருஷம் மண்ணில் புரண்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். அந்தோனியம்மா முந்திக்கொண்டாள்.

"இந்தாங்க, தவக்காலம் முடிஞ்சாச்சு. வர்ற சனிக்கிழமை தம்பிக்குப் பரிசம் போடப் போறோம். அக்கரபத்தனைக்கு."

"நல்லது. போயிட்டு வாங்க."

"போயிட்டு வாங்களா? நம்ம லொறியிலதான போறோம்."

"நம்ம லொறியிலயா?"

"பின்ன, பக்கத்து வீட்டு லொறியிலயா? மாப்பிள்ளை வீட்டாளுங்க சொந்த லொறியில வர்றாங்கன்னு பொண்ணு வீட்டுக்குச் சொல்லி அனுப்பியாச்சு."

"எத்தன பேரு?"

"நம்ம ஆளுங்க மட்டும்தாங்க."

அந்தோனியம்மாவின் 'நம்ம ஆளுங்க' மூன்று லயத்துக்கு நீளும். நுவரெலியா விஷயத்தை இப்போது எடுத்தால் பசு விஷயம் வரும். பசு விஷயம் வந்தால் லேசில் அடங்காது. "எஞ்சின் சத்தம் ஒரு மாதிரியா இருக்கு, பாக்கிறேன்," என்று முனகி வைத்தார்.

இங்கேதான் மனுஷனுக்குப் பட்டாளத்துப் புத்தி வேலை செய்தது. பட்டாளத்தில் ஒரு பழக்கம். வண்டியை விட்டு இறங்கினால் எஞ்சின் மூடியைத் திறந்து ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பெருவிரல் பருமனில் கறுப்பாய் ஒரு சாமான், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் எதிரி தலைகீழாய் நின்றாலும் வண்டி கிளம்பாது. எதிரி பெண்டாட்டி வீட்டிலிருந்து வருவான் என்று மட்டும் பட்டாளத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

வெள்ளிக்கிழமை கஸ்பர் ரோட்டரைக் கழற்றினார். காக்கிச் சட்டைப் பையில் போட்டார். சட்டையைக் கொடியில் மாட்டினார். ஒளித்து வைத்துவிட்டதாக அவருக்கு எண்ணம். கை தன் பழக்கத்துக்கு அங்கே போட்டுவிட்டது என்பதுதான் நிஜம்.

பிறகு ஊர் பார்க்க ஹேண்டிலைச் சுற்று சுற்றென்று சுற்றினார். லொறி மூச்சு விடவில்லை. மைத்துனன் அமிர்தநாதன், நாளைக்குப் பரிசம் போடவிருக்கும் மாப்பிள்ளை, பதறியடித்து ஓடி வந்தான்.

"என்ன மச்சான் ஆச்சு?"

"செத்துப்போச்சுப்பா. எஞ்சினே போச்சு. இனி இது வெறும் இரும்புதான்."

வண்டி கிளம்பாத நாளில் கஸ்பர் வாயிலிருந்து வரும் வசவுக்கு லயமே காதைப் பொத்தும். இன்றைக்கு மனுஷன் 'சேசுவே' என்றுகூடச் சொல்லவில்லை. நடிப்பில் அதை மறந்துபோனார். அந்தோனியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவங்க நீங்க," என்றாள். "நாங்க பஸ்ஸிலயே போய்க்கிறோம்."

"நான் வீட்டுல இருந்து இத என்னன்னு பாக்கிறேன். ஆண்டவர் விட்ட வழி."

"சரிங்க."

இவ்வளவு சுளுவாக 'சரிங்க' வந்ததும் சுதாரித்திருக்க வேண்டாமா? சுதாரித்தால் அவர் ஏன் கஸ்பர்?

சனிக்கிழமை காலை. தாம்பூலத் தட்டு, வாழைக்குலை, பலகாரப் பெட்டி சகிதம் சொந்தமெல்லாம் வாசலில் திரண்டுவிட்டது. இதுகள் எப்போது பஸ்ஸுக்குக் கிளம்பித் தொலையும், நாம் எப்போது ரோட்டரை மாட்டி நுவரெலியாவுக்கு விடுவது என்று கஸ்பர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அப்போது கொட்டகலை பஜாரில் பழைய இரும்பு வாங்கும் முஸ்லிம் வியாபாரி நானா, இரண்டு ஆளும் ஒரு சம்மட்டியுமாக மேடேறி வந்தார்.

"எந்த வண்டி தங்கச்சி?"

"அந்தா நிக்குதே, அதுதாங்க நானா," என்றாள் அந்தோனியம்மா.

"ஏய், என்ன இது?" என்றார் கஸ்பர்.

"நீங்கதான செத்துப்போச்சுன்னீங்க. செத்தத வாசல்ல வச்சிருக்கலாமா? துண்டு போட்டு எடுத்துட்டுப் போகட்டும். ஒரு கன்னுக்குட்டிக்காவது ஆகுதான்னு பாப்போம்."

நானா மட்கார்டில் சம்மட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். கஸ்பருக்கு நெஞ்சு வலித்தது.

"நிறுத்துங்க நானா. அது ஓடும்."

"எஞ்சினே போச்சுன்னீங்களே மச்சான்?" என்றான் அமிர்தநாதன்.

"அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். சின்னக் கோளாறுதான்."

"அப்ப ஓட்டிக் காட்டுங்க," என்றாள் அந்தோனியம்மா. "ஓடினா நானா திரும்பிப் போகட்டும்."

கஸ்பர் உள்ளே பாய்ந்தார். காக்கிச் சட்டை மொடமொடவென்று தேய்த்து மடித்திருந்தது. பையில் கையை விட்டார். ஒன்றும் இல்லை. மற்றப் பையிலும் இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். எங்கே என்று கேட்டால், ஏன் கழற்றினாய் என்று வரும். வெளியே சம்மட்டி இரண்டாம் தட்டுத் தட்டியது.

பின்னாலேயே அந்தோனியம்மா வந்து நின்றாள்.

"அந்தோனி, இந்தச் சட்டையில..."

"சம்பந்தி வீட்டுக்கு நீங்க போட்டா எடுப்பா இருக்குமேன்னு தேச்சேங்க. பையில இது கெடந்துச்சு." முந்தானை முடிச்சை அவிழ்த்து ரோட்டரை நீட்டினாள். "எத்தன காலமா விளக்குப் பிடிச்சிருக்கேன். இது எதுன்னு எனக்குத் தெரியாதா? மாட்டிட்டு வாங்க. தம்பிகிட்ட நான் ஒண்ணும் சொல்லல."

சண்டை போட்டிருந்தாலாவது மனுஷன் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பார். இப்படிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? ரோட்டரை மாட்டினார். ஒரே சுற்று. லொறி வெட்கமில்லாமல் உறுமி எழுந்தது. சொந்தங்கள் கைதட்டி, தட்டும் பெட்டியுமாக ஏறின. "அப்படியே திம்புள்ள வரைக்கும் வர்றேன்," என்று நானாவும் ஆட்களும் சம்மட்டியோடு ஏறிக்கொண்டார்கள்.

லிந்துலைச் சந்தியில் நுவரெலியா ரோடு பிரிகிறது. கழுவித் துடைத்து, கொடி கட்டிய ஒரு பட்டாளத்து ஜீப் அந்தப் பக்கம் திரும்பியது. ஓட்டியவன் கஸ்பரின் லொறியைப் பார்த்து, வா வா என்று கையைக் காட்டினான். கஸ்பர் அக்கரபத்தனைப் பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தார். அழுகை அழுகையாக வந்தது. திங்கட்கிழமை துரை முகத்தில் எப்படி முழிப்பது? பின்னால் மூன்று லயமும் கும்மாளம் போட்டுக்கொண்டு வந்தது.

பரிசம் நல்லபடியாக முடிந்தது. பெண்ணின் தகப்பனார் செபமாலை லொறியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தடவிப் பார்த்தார். பூரித்துப்போனார்.

"கல்யாணத்தன்னைக்கும் இதுலயே வந்துருங்க. எங்க ஆளுங்களையும் கோயிலுக்கு ஏத்திட்டுப் போகணும். அப்புறம் மறுவீட்டுக்கும் இதுதான்."

கஸ்பர் அவசரமாகக் குறுக்கே விழுந்தார். "பழைய வண்டிங்க சம்பந்தி. எப்ப கிளம்பும், எப்ப கிளம்பாதுன்னு யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது."

"ஆமாங்கண்ணே," என்றாள் அந்தோனியம்மா. "லொறிக்கு நான் உத்தரவாதம் சொல்லல. டிரைவருக்குச் சொல்றேன்."