ஒன்பதாவது வீட்டின் சம்மதம்

சிட்லபாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி ராஜகோபாலுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. மதுரையில் நீயும் பிள்ளைகளும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன், நீதான் பதில் போடுவதில்லையே.

நீ வக்கீல் தொழிலை விட்டு நாலு வருஷமானாலும் நோட்டீஸ் எழுத மறந்திருக்க மாட்டாய். எதிர்வீட்டுத் தயாளனுக்கு அனுப்ப ஒன்று வேண்டும்.

கடல்நீரைக் குடிநீராக்கித் தாம்பரம் வட்டாரம் முழுவதற்கும் கொண்டுவரும் பெரிய குழாய் எங்கள் ஏரிக்கரைத் தெரு வழியாகத்தான் போக வேண்டுமாம். ஆள் உள்ளே உட்காரும் அகலத்தில் குழாய்கள் பதினாலு மாதமாக வாசலில் கிடக்கின்றன. அதற்குள் ஒரு நாய் குட்டி போட்டு, அந்தக் குட்டியும் வளர்ந்து குட்டி போட்டுவிட்டது. நாங்கள் இன்னும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறோம். எழுபத்தாறு வயதில் நானும் நிற்கிறேன். திட்டப் பொறியாளர் முகிலனைத் தெருவில் பிடித்து, என்ன தாமதம் என்று கேட்டேன்.

"தண்டவாளத்துக்கு அடியில போக ரயில்வே பர்மிஷன் கொடுத்துட்டாங்க மேடம். ரோடு வெட்ட ஹைவேஸ் கொடுத்துட்டாங்க. ஏரிக்கரைக்கும் பர்மிஷன் வந்தாச்சு. உங்க தெருவுல கேட்டுக்கு முன்னாடி இருக்கிற சரிவை உடைக்க ஒன்பது வீட்டுக்காரங்க சம்மதம் வேணும். எட்டுதான் வந்திருக்கு."

யார் அந்த ஒன்பதாவது என்றேன். தலையைச் சொறிந்தார்.

"ரொம்பக் கோபக்காரங்க மேடம். மூணு தடவை கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்."

மீன்கூடையோடு நின்ற அங்காளம்மா, "ரயிலே வழி வுட்டுச்சு, ஒரு வூட்டுக்காரு வுடலியா? இன்னா பேஜாரும்மா இது!" என்றாள்.

கோபக்காரர் என்றால் எங்கள் தெருவில் தயாளன்தான். பால்காரரை, பேப்பர்காரரை, ஒருமுறை மழையைக்கூடத் திட்டியவர். நேரே போய்க் கேட்டேன். "மொதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன் மேடம், எங்கம்மா மேல சத்தியம்" என்றார். நான் நம்பவில்லை. தெருச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, பெயர் சொல்லாமல், ஆனால் அவரையே பார்த்து, பதினைந்து நிமிடம் பேசினேன். அவர் தம் கிணற்றிலிருந்து தினமும் எனக்கு அனுப்பும் இரண்டு குடத்தையும் வேண்டாம் என்று திருப்பினேன். "தண்ணி என்ன மேடம் பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொல்லித் தந்ததை நான் இன்றுவரை மீறியதில்லை: படிக்காமல் கையெழுத்திடாதே, வந்த தாளை மூன்று நாளுக்கு மேல் வைத்திராதே. ஒரு தாளுக்காக ஊர்த் தண்ணீரையே மறிப்பவருக்கும் இது தெரிய வேண்டாமா? நோட்டீஸ் கடுமையாகவே இருக்கட்டும்.

உன் வீட்டார் அனைவருக்கும் நீண்ட ஆயுளும், குழாய் திறந்தால் தண்ணீரும் வாய்க்க என் ஆசீர்வாதம்.

உன் அக்கா,
சுலோசனா

பி.கு.: உறைக்குத் தபால்தலை தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். அகராதிக்கு அடியில் சம்மதப் படிவம். என் பெயருக்கு வந்தது. படித்துப் பார்த்துத் தருவதாக வாங்கி, பென்சிலால் ஆறு பிழை திருத்தி, அங்கேயே வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் இல்லை. இப்போது போட்டுவிட்டேன், இன்றைய தேதியில்தான். நாளைக் காலையில் முகிலன் கையில் கொடுத்துவிடுவேன்.

நோட்டீஸ் வேண்டாம். பதிலாகத் தயாளனிடம் சொல்ல ஒரு வாக்கியம் எழுதி அனுப்பு. தமிழோ ஆங்கிலமோ, எதுவானாலும் சரி. நாலு தாள் கிழித்துவிட்டேன், எனக்கு வரவில்லை. சின்னதாக இருக்கட்டும், அவர் வாசலில் நின்று சொல்ல வேண்டும், முழங்கால் தாங்காது.