ஏப்ரல் முதல் சனிக்கிழமை

உங்களுக்கு அக்டோபர் ரசிகரைத் தெரியுமா? தெரியாமல் இருக்காது. இந்தியானா மாநிலத்தின் தென்கோடியில், ஒஹையோ ஆற்றங்கரையில், டாலிவர் கல்லூரி என்ற ஒன்றை நம்பிப் பிழைக்கும் எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் அவர் மேல்தான் விழ வேண்டும். கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்கள் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நடக்கும். இவருடைய சீசனோ அக்டோபரில் தொடங்கி அக்டோபரிலேயே உச்சத்துக்குப் போய்விடும். காரணம் எளிது. அக்டோபரில் எங்கள் அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்றதில்லை. ஆடினால்தானே தோற்பதற்கு!

எங்கள் அணியின் பெயர் கோவேறு கழுதைகள். சிரிக்காதீர்கள். இந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்த வெளியூர்க்காரர் ஒருவருக்கு எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் மூன்று வருஷமாக ஆறின காப்பிதான் கிடைக்கிறது.

அக்டோபர் ரசிகரைக் கண்டுபிடிப்பது எப்படி? ஊரார் பிள்ளைகளின் எடை அவருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று டாக்டர் கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். ஆனால் அணியில் நடுவே நின்று ஆடுகிற ஏழடி உயரப் பையன், இருபது வயது, நெட்டையன் என்று நாங்கள் செல்லமாகச் சொல்கிறவன், கோடை விடுமுறையில் பதினைந்து பவுண்டு ஏறியிருக்கிறான் என்பதை, தானே தராசில் தூக்கி வைத்தது போலச் சொல்வார். எடை ஏறியிருந்தால் நல்லது, இடித்துத் தள்ளலாம். இறங்கியிருந்தால் இன்னும் நல்லது, பறந்து ஓடலாம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால்? "பார்த்தியா, என்ன ஒரு கட்டுப்பாடு!"

போன வருஷம் ஆடியவர்களில் ஏழு பேர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இப்போதெல்லாம் பையன்கள் சட்டை மாற்றுவது போலக் கல்லூரி மாற்றுகிறார்கள். இதற்கு அக்டோபர் ரசிகர் கலங்கிவிடுவார் என்றா நினைத்தீர்கள்? போனவர்கள் எல்லோரும் எப்போதுமே சோம்பேறிகள். போன மார்ச்சில் அவர்களை "நம்ம வீட்டுப் பிள்ளைங்க" என்று சொன்னது யார் என்று கேட்டுவிடாதீர்கள். வந்தவர்கள் எல்லோரும் ரத்தினங்கள். பெயர்தான் இன்னும் வாயில் நுழையவில்லை.

பிறகு ஆட்ட அட்டவணை வரும். அதை மேஜையில் விரித்து வைத்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பக்கத்தில் வெற்றி, வெற்றி, வெற்றி என்று போட்டுக்கொண்டே போய், இப்படியே போட்டால் நன்றாக இருக்காது என்று மனசாட்சி உறுத்த, ஜனவரியில் எங்கேயாவது பனிப்புயலில் பஸ் தாமதமாகப் போய்ச் சேரும் ஊர்களாகப் பார்த்து நாலு தோல்வி போடுவார். அதிலும் நடுவர்தான் மோசடி செய்திருப்பார். ஆக மொத்தம் இருபத்தேழு வெற்றி, நாலு தோல்வி. போன வருஷத்து உண்மைக் கணக்கு எட்டு வெற்றி, இருபத்து மூன்று தோல்வி.

எங்கள் ஊரில் இந்த இனத்தின் தலைவர் வெண்டல் க்ரூபர். வீடுகளுக்குச் சூடு தரும் உலைகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கைராசிக்காரர், நல்ல மனிதர். அக்டோபரில் மட்டும் அவரைக் கூப்பிடாதீர்கள். கூப்பிடாமல் என்ன செய்வது, குளிர் அப்போதுதானே தொடங்குகிறது! வீட்டில் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்க, நிலவறையில் உலைக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும் வெண்டல், ஸ்பானரை நீட்டி, எதிரணியை எங்கே மடக்க வேண்டும் என்று சிமெண்ட் தரையில் கோடு போட்டுக் காட்டுவார். போன வருஷம் என் வீட்டில் போட்ட கோடு இன்னும் அழியவில்லை.

சனிக்கிழமை காலைகளில் ஆற்றோரச் சாப்பாட்டுக் கடையின் ஜன்னலோர மேஜை எங்களுடையது. எங்களுடையது என்றால், வெண்டல், ஓட்டிஸ் ராங்கின், டூயேன் பிஷ்லர், நான். ஓட்டிஸ் ஓய்வு பெற்ற தபால்காரர், புள்ளிவிவரப் புலி. எவன் எத்தனை தடவை பந்தைத் தவறவிட்டான் என்று மனப்பாடமாகச் சொல்வார். டூயேன் முடிதிருத்துகிறவர், எங்கள் மேஜையின் அபசகுனம். நாற்பது வருஷமாக ஒரே வாக்கியம்தான்: "இந்த வருஷமும் விளங்காது." ஆட்டம் தொடங்கும் முன்பே தோற்றுவிடுகிற மனிதர். நான் என்ன செய்கிறேன் என்கிறீர்களா? தலையாட்டுவேன். நாலு பேர் பேசும் இடத்தில் தலையாட்ட ஒருவன் வேண்டாமா?

மார்ச் மாதத்தில் நாடு முழுவதிலும் இருந்து அறுபத்தெட்டு அணிகளைப் பொறுக்கி எடுத்து ஒரு பெரிய போட்டி நடத்துவார்கள். தோற்றவர் வீட்டுக்குப் போக, கடைசியில் நாலு அணிகள் மிஞ்சும். அந்த நாலும் மோதுவது ஏப்ரல் முதல் சனிக்கிழமை. நாங்கள் முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை அந்தப் போட்டியில் இடம் பிடித்து, முதல் ஆட்டத்திலேயே முப்பத்தொரு புள்ளியில் உதை வாங்கித் திரும்பினோம். அதனால் என்ன? வெண்டல் ஒவ்வோர் ஆகஸ்டிலும் அந்தச் சனிக்கிழமைக்கு, அது எந்த நகரத்தில் நடந்தாலும், நாலு பேருக்கு ஹோட்டலில் அறை போட்டுவிடுவார். ஒவ்வொரு மார்ச்சிலும் ரத்து செய்வார். ஏப்ரல் முதல் சனிக்கிழமையில் அவர் யார் வீட்டு விசேஷத்துக்கும் வர மாட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

அந்தச் சனிக்கிழமையைத்தான் அவருடைய ஒரே மகள் மார்னி தன் கல்யாணத்துக்குக் குறித்தாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. அவள் கட்டிக்கொள்ளப் போகும் கேலப் என்ற பையன், ஆற்றில் சரக்குப் படகில் வேலை பார்க்கிறவன். இருபத்தெட்டு நாள் படகு, பதினாலு நாள் கரை. அவன் கரையில் இருக்கிற நாளும், சர்ச்சும், விருந்து வைக்கத் தீயணைப்பு நிலையத்து ஹாலும் ஒன்றாகக் கிடைப்பது அந்த ஒரு நாளில்தான், விட்டால் ஆகஸ்ட். வெண்டல் ஒரு மாதமாக "பார்ப்போம், பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை அவள் நேராக எங்கள் மேஜைக்கே வந்துவிட்டாள்.

அப்போது நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? பொரித்த பன்றிக்கறி சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு, எங்கள் அணியில் பந்தைப் பிடிக்கத் தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை என்று அரை மணி நேரமாக நிரூபித்துக்கொண்டிருந்தோம். ஓட்டிஸ் ஆதாரம் கொடுத்தார். டூயேன் சாபம் கொடுத்தார். வெண்டலே "தடுப்பாட்டம் கொஞ்சம் உதறுது" என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரே ஒரு கேள்வி. ஆமா, இல்லைன்னு சொன்னா போதும்" என்றாள் மார்னி.

"உட்காரும்மா. காப்பி சொல்லட்டுமா?"

"காப்பி வேண்டாம். ஏப்ரல் முதல் சனிக்கிழமை என் கையைப் பிடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போக நீங்க வருவீங்களா?"

"வேற நாள் பார்க்கலாம்னு சொன்னேனேம்மா."

"வேற நாள்னா ஆகஸ்ட்தான். சரிப்பா, ஆகஸ்டுக்கே மாத்திடறேன். ஆனா ஒண்ணு. இவங்க மூணு பேர் முன்னாடி சொல்லுங்க. அன்னைக்கு நம்ம டீம் ஆடும்னு நெஜமா நம்பறீங்களா? ஆமான்னா நான் மாத்தறேன். இல்லைன்னா நீங்க வர்றீங்க. அவ்ளோதான்."

இத்தனை வருஷம் வெண்டலிடம் ஊரே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது. கேலிக்குக் கேட்டது. பதில் வேண்டும் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். "ஆமா" என்றால் எட்டு வெற்றி எடுத்த அணிக்காக மகளின் கல்யாணம் நாலு மாதம் தள்ளிப் போகும். "இல்லை" என்றால் ஒன்றும் ஆகாது. மகளோடு நடந்து போகலாம். அந்த மூன்றெழுத்து அவர் தொண்டைக்கு மேலே வரவில்லை. முகம் சிவந்தது, காது சிவந்தது, கடைசியில் வெண்டல் சொன்னார்:

"அது... நெட்டையனோட முட்டி எப்படி இருக்குங்கறதைப் பொறுத்ததும்மா."

மார்னி சிரிக்கவில்லை. ஓட்டிஸ் பக்கம் திரும்பினாள். புள்ளிவிவரப் புலி, சீசனின் முதல் பத்து ஆட்டம் போகாமல் எதையும் சொல்வதற்கில்லை என்றது.

"டூயேன் மாமா, நான் பொறந்ததுல இருந்து நீங்க விளங்காதுன்னுதான் சொல்லிட்டிருக்கீங்க. அதையே இப்ப எங்கப்பாகிட்ட ஒரு தடவை சொல்லுங்களேன்."

டூயேன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார். "வழக்கமா விளங்காதுதான்மா. ஆனா இந்த வருஷம் புதுசா ஒரு பையன் வந்திருக்கான்..."

நாற்பது வருஷத்து அவநம்பிக்கை அந்த ஒரு வாக்கியத்தில் அம்மணமாக நின்றது. விளங்காது விளங்காது என்று சொல்லிக்கொண்டே இந்த ஆளும் ஒவ்வோர் ஏப்ரலையும் காலியாக வைத்திருந்திருக்கிறார்!

அடுத்து என்னைப் பார்த்தாள். "யோவ் வெண்டல், எழுந்து போய்ப் பொண்ணு கல்யாணத்துக்குக் கோட்டுத் தைக்கக் கொடு" என்று சொல்ல எனக்கு ஐந்து விநாடி போதும். மேஜையில் இருந்த நாலு பேருக்கும் உண்மை தெரியும், அதைத்தானே அரை மணி நேரமாகப் பேசினோம். நான் தலையாட்டினேன். எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"சரி" என்றாள் மார்னி. சத்தம் போடவில்லை. "நாள் மாறாது. அம்மா என்னைக் கூட்டிட்டுப் போவாங்க. நீங்க வந்தா உட்கார ஒரு இடம் இருக்கும்பா."

கதவு மூடிய பிறகு நாலு பேரும் ஒரு நிமிஷம் ஆறிப்போன சாண்ட்விச்சைப் பார்த்தோம். ஒரு நிமிஷம்தான். பிறகு ஓட்டிஸ் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் புதுப் பையன் இடது கையாலயும் போடுவானாமே?"

சீசனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் ஆட்டத்தில், முந்நூறு மாணவர்கள்கூட இல்லாத ஒரு பாதிரிமார் கல்லூரியிடம், சொந்த அரங்கில், பதினேழு புள்ளியில் தோற்றோம். நெட்டையனின் முட்டி நன்றாகவே இருந்தது. கைதான் சரியில்லை. புதுப் பையன் இடது கையாலும் போட்டான். வலது கையாலும் போட்டான். பந்து எந்தப் பக்கமாகவும் உள்ளே போகவில்லை. மார்ச் மூன்றாம் தேதி எல்லாம் முடிந்தபோது ஏழு வெற்றி, இருபத்து நாலு தோல்வி. பெரிய போட்டிக்கு ஆள் பொறுக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

நாலாம் தேதி வெண்டல் ஹோட்டல் அறையை ரத்து செய்துவிட்டு, முகச்சவரம் செய்துகொண்டு, மகளைப் பார்க்கப் போனார். என்ன நடந்தது என்று அவர் மனைவி லோர்னா பிறகு என்னிடம் சொன்னாள்.

"மார்னி, நான் வர்றேன்மா. அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்லை."

"தெரியும்பா. அவங்க தோத்ததால நீங்க வர்றீங்க. வாங்க, சந்தோஷம். ஆனா அம்மாவுக்குக் கொடுத்த இடத்தைத் திருப்பிக் கேக்க மாட்டேன்."

கல்யாணத்தன்றைக்கு வெயில் நன்றாக அடித்தது. சர்ச்சில் முதல் வரிசையில், புதுக் கோட்டில், தலையை எண்ணெய் தடவி வாரிக்கொண்டு வெண்டல் உட்கார்ந்திருந்தார். லோர்னா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அவளுக்கு மூட்டு வலி, மெதுவாகத்தான் நடந்தாள். எல்லோரும் எழுந்து நின்றோம். வெண்டலும் நின்றார். அவர்கள் பக்கத்தில் வந்தபோது அவருடைய வலது முழங்கை தானாக மடங்கி, யாரோ வந்து பிடித்துக்கொள்ளப் போவது போல லேசாக நீண்டது. யாரும் பிடிக்கவில்லை. அவர் அழுதார், மறைக்காமல் அழுதார்.

இனிமேல் மனிதர் திருந்திவிடுவார் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீர்கள்? தீயணைப்பு நிலையத்து ஹாலில் எங்கள் நாலு பேரையும் ஒரே மேஜையில் போட்டிருந்தார்கள். கேக் வரும்வரை வெண்டல் மகள் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டூயேன் ஒரு வாய் கேக்கை விழுங்கிவிட்டு, யாரையும் பார்க்காமல், "இந்த வருஷம் கோடையில நெட்டையன் ஊருக்குப் போகலையாம். இங்கேயே தங்கிப் பயிற்சி எடுக்கப் போறானாம். ம்ஹும், விளங்காது" என்றார்.

வெண்டல் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கோடை பூராவுமா?"

என்ன ஜென்மங்கள் என்கிறீர்கள். சரிதான். கூடைப்பந்து என்றால் என்னவென்றே உங்களுக்குத் தெரியாது என்றும் சொல்வீர்கள். அதுவும் சரிதான், இந்த நோய்க்குப் பந்து கட்டாயம் இல்லை. கட்சி, கடை, எழுதி முடிக்காத புத்தகம், அடுத்த வருஷம் நிச்சயம் வரப்போகிற உத்தியோக உயர்வு, எதுவாக இருந்தாலும் பிடிக்கும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பியதும், நான் வெண்டல் மாதிரி இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக என் மனைவியிடம் கேட்டேன்: "வருவீங்களான்னு நீ கேட்டு, நான் பார்ப்போம்னு சொன்னது எப்பவாவது உண்டா?"

அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். இரண்டாவது கைக்குப் போனபோது, உலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் நிலவறைக்கு இறங்கிவிட்டேன். இன்றைக்கு உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்துகொண்டு கேளுங்கள், நேரம் ஆகும்.